லேபிளில் டி.எம்.பி.யூ., பாட்டிலுக்குள் எச்.எம்.பி.ஏ.

உள்ளூர் டீலரிடம் டி.எம்.பி.யூ. என்ற ஆய்வகக் கரைப்பானை வாங்கி வைத்திருப்பவர்கள் முதலில் அந்தப் பாட்டிலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் எல்.டி.ஏ. என்ற வலுவான லித்தியக் காரம் போட்டு, மைனஸ் 78 டிகிரியில் ஓர் எஸ்டரை அல்கைலேற்றம் செய்கிறோம், அதாவது அதில் ஒரு கார்பன் தொகுதியைச் சேர்க்கிறோம். லித்தியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் துணைக் கரைப்பான் இல்லாவிட்டால் எங்கள் வினை நகராது. ஒரு காலத்தில் இதற்கு எச்.எம்.பி.ஏ. என்ற பாஸ்பரஸ் உள்ள கரைப்பானைத்தான் ஊற்றுவார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த எலிகளுக்கு மூக்கில் புற்றுநோய் வந்த செய்தி 1975-இல் வெளியானது. 1982-இல் வேதியியலாளர்கள் சீபாக்கும் முகோபாத்யாயும் அதற்கு மாற்றாக முன்வைத்ததே டி.எம்.பி.யூ. அதுவும் பன்னீர் இல்லை, இருந்தாலும் அந்தப் பழைய பயம் இல்லாமல் கையாளலாம் என்றுதான் வாங்குகிறோம்.

வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு இல்லை. வேறொரு டீலர் மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்துச் சொன்னார். 100 மில்லிலிட்டர் வாங்கினேன். மூடியில் சீல் இருந்தது, லேபிள் புதிதாக இருந்தது. வினையும் அருமையாக நடந்தது. விளைச்சல் குறைந்திருந்தால் அன்றே சந்தேகப்பட்டிருப்பேன். ஏமாற்றுச் சரக்கு நன்றாக வேலை செய்ததால்தான் மூன்று வாரம் ஏமாந்தோம்.

அலமாரியில் இடமில்லை என்று ஒரு மாணவர் பாட்டிலை 4 டிகிரி குளிர்பெட்டியில் வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அது கட்டியாக உறைந்து கிடந்தது. டி.எம்.பி.யூ. அந்தக் குளிருக்கு உறையாது. பூஜ்யத்துக்கு வெகு கீழே போக வேண்டும். எச்.எம்.பி.ஏ. 7 டிகிரியிலேயே உறைந்துவிடும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலை எடுத்தோம். டி.எம்.பி.யூ.வின் வளையத்திலுள்ள மெத்திலீன்கள் (CH₂ தொகுதிகள்) நிறமாலையின் பி.பி.எம். அளவுகோலில் 3.2-இலும் 2-க்கு அருகிலும் தெரிய வேண்டும். ஒன்றும் இல்லை. 2.6-க்குப் பக்கத்தில் 9 ஹெர்ட்ஸ் சொச்சம் இடைவெளியில் ஓர் இரட்டைக்கோடு மட்டும் நின்றது, அது எச்.எம்.பி.ஏ.வின் அடையாளம். பாஸ்பரஸ் என்.எம்.ஆரிலும் ஒரு சமிக்ஞை. டி.எம்.பி.யூ.வில் பாஸ்பரஸ் அணுவே கிடையாதே!

பாட்டிலோடு வந்த பகுப்பாய்வுச் சான்றிதழை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அதிலிருந்த தொகுதி எண் வேறு, பாட்டிலில் இருந்த எண் வேறு. வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டியது. அது என் தவறு.

டீலரை அழைத்தேன். "சார், குளிர்பெட்டியில் வைத்தால் எதுவும் உறையத்தான் செய்யும்" என்றார். நிறமாலையை அனுப்பினேன். "கிடங்கில் லேபிள் மாறியிருக்கும், வேறு பாட்டில் தருகிறேன்" என்றார். யாரும் வாங்காத பழைய இருப்பைத் தள்ளிவிட்டார் என்பது என் ஊகம். பணம் இன்னும் வரவில்லை. பணத்தைவிட எரிச்சல் வேறு: எச்.எம்.பி.ஏ. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். அது தெரியாமல் நான்கு பேர் அதை அளந்து ஊற்றியிருக்கிறார்கள், அதில் ஒருவர் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்கு வெளியே.

உங்களிடம் இருக்கும் பாட்டிலிலிருந்து ஹூட்டுக்குள் ஒரு மில்லிலிட்டர் எடுத்து, மூடிய குப்பியில் பனிக்கட்டி நீரில் வையுங்கள். உறைந்தால் தொடாதீர்கள். உறையவில்லை என்பதற்காக நிம்மதி அடையவும் வேண்டாம். கலப்படமாக இருந்தால் உறையாமலும் போகலாம். பாஸ்பரஸ் என்.எம்.ஆர். எடுத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. லேபிளிலும் சான்றிதழிலும் டி.எம்.பி.யூ.வின் பதிவு எண்ணான சி.ஏ.எஸ். எண் 7226-23-5 என்று இருக்கிறதா, தொகுதி எண்கள் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

எங்கள் பாட்டில் சிவப்பு மையில் சரியான பெயரோடு பூட்டிய அலமாரியில் இருக்கிறது. டீலர் "திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். அனுப்பினால் அடுத்த ஆய்வகத்துக்குத்தான் போகும் என்பதால் கொடுக்கவில்லை.