பாங்கிக்கு மின்சாரம்: போவாலி அருவியா, டான்சி வெயிலா?

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் கரண்ட் போவது அன்றாடக் கதை. அடுத்த பணத்தை எதில் போடலாம்? உபாங்கிப் படுகையின் துணையாறான ம்பாலியில் உள்ள போவாலி அருவியிலா, டான்சி என்ற ஊரின் சூரிய ஒளியிலா?

செலவு: போவாலியில் 1954 முதலே நீர்மின் நிலையம் உண்டு. அணையும் இருப்பதால், டர்பைன் கூட்டுவது புதிதாகக் கட்டுவதைவிட மலிவு. டான்சியில் 25 மெகாவாட் சோலார்; எரிபொருள் செலவே இல்லை.

உழைப்பு: டர்பைன் பராமரித்தால் பல பத்தாண்டு ஓடும். சோலார் பேட்டரியை இடையில் மாற்றியே ஆகவேண்டும்.

நம்பகம்: இங்கேதான் சிக்கல். மழைக்காலத்தில் சுமார் 50 மீட்டர் உயரத்திலிருந்து பாறையை மறைத்துக் கொட்டும் அருவி, கோடையில் மெலிந்துவிடும். அணையில் தேக்கிய நீர்தான் அப்போது கைகொடுக்கும். அதே மாதங்களில் வெயில் கொளுத்தும். பகலில் சோலார் ஓடினால் அணை நீரை இரவுக்கு மிச்சம் பிடிக்கலாம்.

தூரம்: போவாலி சுமார் 100 கிலோமீட்டர், வழியில் கம்பி அறுந்தால் நகரமே இருட்டு. டான்சி பக்கத்திலேயே.

இரவில் மருத்துவமனைக்கும் தண்ணீர் பம்புக்கும் போவாலிதான் சரி. பகல் நேரக் கடைகளுக்கும், டீசல் ஜெனரேட்டர்களைச் சீக்கிரம் குறைக்கவும் சோலார். என்னைக் கேட்டால், முதல் பணம் போவாலியின் பழைய இயந்திரங்களுக்கே போகவேண்டும்.