வாங்கிய படத்தைப் பிரதியெடுத்தல்: சொந்தக் கணினி, கடை, இரவல் குறுந்தகடு

2007-இல் 'மோசர் பேர்' என்ற குறுந்தகடு நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, அசல் குறுந்தகட்டின் விலை ஏறக்குறைய சென்னை பர்மா பஜாரின் திருட்டுக் குறுந்தகடு விலைக்கே இறங்கி வந்தது. அந்த நாள்களில் வாங்கியவை ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஓட்டும் பிளேயர்தான் இல்லை. படத்தை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்துக்கொள்ள நினைப்பவர் அதை வீட்டிலேயே செய்யலாம், கடையில் கொடுத்துச் செய்யலாம், தன்னிடம் இல்லாத படத்துக்கு அடுத்தவர் குறுந்தகட்டை இரவல் வாங்கலாம். கைக்கு வரும் கோப்பு ஒன்றுதான் என்றாலும், சட்டத்தின் முன் இவை மூன்றும் ஒன்றல்ல.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தைப் பிரதியெடுக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே உண்டு. குறுந்தகட்டை விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்த உரிமை சேர்ந்து வருவதில்லை. ஆகவே வீட்டில் பிரதியெடுப்பவர் 52-ஆம் பிரிவில் உள்ள விலக்குகளில் ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் நிற்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான விலக்கு நெடுங்காலம் இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் போன்ற கலைப் படைப்புகளுக்கு மட்டுமே இருந்தது. திரைப்படம் அதில் இல்லை. 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான், கணினி நிரலைத் தவிர்த்து எந்தப் படைப்புக்கும் அதை விரிவாக்கியதோடு, அந்த நோக்கத்துக்காக மின்னணு ஊடகத்தில் சேமித்து வைப்பதும் மீறல் ஆகாது என்று விளக்கமும் சேர்த்தது. எனினும் இந்த விலக்கைத் தரும் 52(1)(ஏ) பேசுவது 'நியாயமான' கையாளுகையைப் பற்றி. நியாயத்துக்கு அளவுகோல் எதையும் அது எழுதி வைக்கவில்லை. வீட்டுக்கென ஒரு பிரதி அதற்குள் அடங்கும் என்பது என் வாசிப்பு. மைத்துனருக்கு ஒன்று, மாடி வீட்டாருக்கு ஒன்று என்று பெருகினால் அடங்காது.

இங்கே வி.சி.டி.யும் டி.வி.டி.யும் பிரிகின்றன. வி.சி.டி.யில் பூட்டு எதுவும் கிடையாது. கணினியில் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறைக்குள் '.டேட்' என்று முடியும் பெரிய கோப்பாகப் படம் கிடக்கும். அதை அப்படியே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு அல்லது மூன்று குறுந்தகடுகளாக வந்த படம் என்றால், வேலையும் இரண்டு மூன்று முறை, அவ்வளவுதான். வணிக டி.வி.டி.க்களில் பெரும்பாலானவை 'சி.எஸ்.எஸ்.' என்ற குறியாக்கத்தால் பூட்டப்பட்டவை. அவற்றை அதே முறையில் இழுத்தால் கிடைக்கும் கோப்பு சிதறிய கட்டங்களாகத்தான் ஓடும். பூட்டை உடைக்கும் மென்பொருளைத் தேடும்போதுதான், அப்படி உடைப்பதைக் குற்றமாக்கும் 65-ஏ பிரிவு குறுக்கே வருகிறது. அதற்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் உரிமையை மீறும் உள்நோக்கத்தோடு உடைத்தவருக்கே அந்தத் தண்டனை. இச்சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு நோக்கத்துக்காகச் செய்வதற்குத் தடையில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் உள்நோக்கத்தைப் பார்க்காமல் பூட்டை உடைப்பதையே தடை செய்கிறது, டி.வி.டி.யை வீட்டுக் கணினியில் சேமிக்கும் 'ரியல் டி.வி.டி.' மென்பொருளின் விற்பனையை 2009-இல் அங்கே நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பிரிட்டன் 2014-இல் தனிப்பட்ட பிரதிக்கு அனுமதி தந்தது. மறு ஆண்டே அங்குள்ள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஜெர்மனியில் பிரதி எடுக்கலாம், பூட்டை உடைக்கக் கூடாது. அந்த நாட்டுக்காரர்கள் எழுதிய அறிவுரையை இணையத்தில் படித்துவிட்டு வண்ணாரப்பேட்டையில் ஒருவர் அஞ்சவும் தேவையில்லை, துணியவும் தேவையில்லை.

கடைக்காரரிடம் கொடுப்பதைத்தான் நான் கடைசியில் வைப்பேன். சொந்த உபயோகம் வாடிக்கையாளருடையது. காசு வாங்கிக்கொண்டு பிரதியெடுப்பவருக்கு அது தொழில். பிறருக்காகப் பூட்டை உடைக்க உதவுபவர், யாருக்காக, என்ன நோக்கத்துக்காக என்பதைப் பெயர், முகவரியோடு பதிந்து வைக்க வேண்டும் என்கிறது 65-ஏ. செல்போன் ரீசார்ஜ் கடையில் அப்படியொரு நோட்டை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கோப்பு கடைக் கணினியிலேயே தங்கி அடுத்தவர் பென் டிரைவுக்கும் போவதுதான். பதிப்புரிமையைத் தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோ தொழில் குண்டர் சட்டத்துக்குள்ளும் வருவதால், ஓராண்டு வரை தடுப்புக் காவலுக்கும் வழி இருக்கிறது.

இரவல் குறுந்தகடு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிரதியெடுப்பவரே அசலை வாங்கியிருக்க வேண்டும் என்று 52(1)(ஏ) எங்கும் சொல்லவில்லை. ஆனால் வாங்கியிருக்க வேண்டிய ஒன்றை வாங்காமல் தப்பிக்கவே பிரதி எடுத்தார் என்று எதிர்த் தரப்பு வாதிட்டால், 'நியாயமான' என்ற சொல் அவருக்குக் கை கொடுப்பது கடினம். பிரதியை வைத்துக்கொண்டு அசலை மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்குத் தள்ளிவிடுபவரின் நிலையும் இதேதான். ஓ.டி.டி. தரவிறக்கம் இந்த ஒப்பீட்டில் அதிகம் பேசத் தக்கதல்ல. அது செயலிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும், சந்தா முடிந்தால் போய்விடும்.

ஆக, சொந்த வி.சி.டி.யை வீட்டில் ஏற்றுவதே மிகப் பாதுகாப்பான வழி, சொந்த டி.வி.டி. அதற்கு அடுத்தது. ஏற்றிய பிறகு உறையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். தணிக்கைச் சான்றிதழின் நகலும் உரிமையாளரின் பெயர், முகவரியும் வீடியோ படத்திலும் உறையிலும் இருக்க வேண்டும் என்பது 52-ஏ பிரிவின் விதி. கணினியில் உள்ள கோப்பு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அந்த உறையும் அசலும்தான் இருக்கும்.