பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு: ஆக்ஸிடோசின் ஊசியா, மிசோப்ரோஸ்டால் மாத்திரையா?

குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் தளர்வதால் நேரும் கடும் இரத்தப்போக்கைத் தடுக்க, உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசியையே. தசையில் போட்ட சில நிமிடங்களில் வேலை செய்யும் இம்மருந்தின் பக்கவிளைவுகள் பொதுவாகக் குறைவு. ஆனால் சிரையில் வேகமாகச் செலுத்தினால் இரத்த அழுத்தம் சட்டெனச் சரியக்கூடும், 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்காவிட்டால் வீரியமும் குறையும்.

மிசோப்ரோஸ்டாலுக்குக் குளிர்பெட்டியோ ஊசி போடத் தெரிந்தவரோ தேவையில்லை. 400 அல்லது 600 மைக்ரோகிராம் விழுங்கிய தாய்க்கு நடுக்கமும் காய்ச்சலும் வரலாம்; அவை பெரும்பாலும் தாமாக அடங்கினாலும், கிருமித்தொற்றோ என்ற ஐயத்தை எழுப்பும். வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லையென உறுதிசெய்த பிறகே இரண்டில் எதையும் கொடுக்க வேண்டும். தரமான ஊசி கையில் இருக்கும் இடத்தில் மாத்திரையை நாடக் காரணமில்லை. ஊசிக்கு வழியற்ற சிற்றூரில் மாத்திரையையும் மறுப்பது பெருந்தவறு.