அவுட்போர்டு மோட்டாரில் கரண்ட் கோளாறு: பல வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

குமரி மாவட்டக் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறேன். மோட்டார் 15 குதிரைத்திறன். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. பிஸ்டன், கியர் விஷயத்தில் அதைக் குறை சொல்லவே மாட்டேன். இத்தனை வருஷத்தில் வேலை வைத்ததெல்லாம் கரண்ட் பக்கம்தான். அதிலும் நான் பார்த்தவரை, "சிடிஐ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) போச்சு" என்று சொல்லப்படும் பல மோட்டார்களில் போனது சிடிஐ இல்லை. வயரோ, எர்த்தோ, ஒரு கனெக்டரோதான். விலை கூடிய பெட்டியை வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மோட்டார் ஓட பேட்டரி தேவையில்லை. கயிற்றை இழுத்ததும் மேக்னட் (காந்தம் பதித்த சக்கரம்) சுற்றுகிறது, சார்ஜ் காயிலில் கரண்ட் உண்டாகி சிடிஐக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சேர்கிறது. பல்சர் காயில் சிக்னல் கொடுத்த நொடியில் அது இக்னிஷன் காயிலுக்குப் பாய்ந்து பிளக்கில் பொறியாகிறது. நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டாப் சுவிட்ச் அந்தக் கரண்டை எர்த்துக்குத் திருப்பிவிடும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் வயர் அறுந்தால் மோட்டார் நிற்காது. ஆனால் அதே வயர் தோல் உரிந்து இரும்பில் தொட்டால் மோட்டார் ஓடாது.

எனக்கு வந்த கோளாறு அதேதான். கரையில் நன்றாகப் பிடிக்கும். கடலில் போய் வலது பக்கம் திருப்பினால் விக்கி விக்கி நின்றுவிடும். கைப்பிடியை நேராக வைத்து இழுத்தால் மறுபடி ஓடும். காட்டிய கடையில் சிடிஐ மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. திருப்பும்போது மட்டும் வரும் கோளாறு, அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள் எப்படி இருக்கும்? அசைவது கைப்பிடிக்குப் போகும் வயர் ஒன்றுதான்.

சிடிஐ பக்கத்தில் ஸ்டாப் வயரைக் கழற்றிவிட்டேன் (என் மோட்டாரில் வெள்ளை; உங்களுடையதில் மேனுவலைப் பார்த்து உறுதி செய்யுங்கள்). இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி ஓட்டினேன். ஒரு விக்கல்கூட இல்லை. வயர் கழன்றிருக்கும்போது சுவிட்ச் வேலை செய்யாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே இது கரையில், நியூட்ரலில், தண்ணீர்ப் பீப்பாயில் வைத்துச் செய்யும் சோதனை மட்டும். அப்படியே தொழிலுக்குப் போகக் கூடாது. ஆள் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்த இருப்பது அந்த சுவிட்சும் கையில் மாட்டும் கயிறும்தான்.

அப்புறம் கைப்பிடி பிராக்கெட்டைக் கழற்றினேன். இரும்பு விளிம்பில் உரசும் இடத்தில் வயரின் தோல் தேய்ந்து பளபளவென்று தட்டையாகியிருந்தது. நடுவில் கடுகளவு ஓட்டை. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கரி போலக் கறுத்திருந்தது. ஒரு சாண் தள்ளி வெட்டியும் அதே கறுப்பு. உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே உறிஞ்சி ஏறிவிடும், வெளியே தோல் புதிது மாதிரியே இருக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒட்டின மாதிரி தெரிந்தாலும் அடுத்த மாதம் கையோடு வரும். செம்பு மின்னும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு, ஈயப் பூச்சு உள்ள படகு வயரைப் போட்டேன். இணைப்பின் மேல் உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய், விளிம்பில் ரப்பர் புஷ். இன்றுவரை அந்த இடம் தொல்லை தரவில்லை. சாதாரண இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் போதாது. வெயிலில் பசை இளகும், உப்புத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பொறி சுத்தமாகவே இல்லையென்றால் என் வரிசை இதுதான்: கையில் மாட்டும் கயிற்றின் கிளிப், ஸ்டாப் வயர், எர்த் போல்ட், அப்புறம்தான் காயில்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லையென்றால் பிளக், கேப், காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயர். என் மோட்டாரில் இரண்டுக்கும் ஒரே காயில் என்பதால் பெட்டியைச் சந்தேகிக்கவே வேண்டாம். மண்ணெண்ணெயில் ஓடுவதால் பிளக்கில் கரி ஏறும். நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட்டினால் அது குறையும். பொறி பார்க்கும்போது பிளக் எஞ்சின் பாடியில் நன்றாகத் தொட்டிருக்க வேண்டும். அந்தரத்தில் விட்டு இழுத்தால் நல்ல சிடிஐயும் கெட வாய்ப்பு உண்டு. பக்கத்தில் பெட்ரோல் வாடை இருக்கவே கூடாது. இருட்டில் மூடியைக் கழற்றி ஓட விட்டால், தடித்த வயரில் கரண்ட் கசியும் இடம் நீலமாகத் தெரியும். கையை மட்டும் தள்ளியே வையுங்கள்.

மீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காயிலின் ஓம் அளவை மேனுவலோடு ஒப்பிடும்போது, அந்த எண் பொதுவாக 20 டிகிரி வெப்பத்துக்கானது. நம் கடப்புறத்தில் 35 டிகிரி இருக்கும். செம்பின் தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும். ஆக 6 சதவீதம் கூடக் காட்டினால் காயில் கெட்டது என்று அர்த்தமில்லை. சில காயில்கள் ஆறியிருக்கும்போது சரியாகக் காட்டும், சூடானதும் உள்ளே இணைப்பு விட்டுவிடும். அரை மணி ஓடி நிற்கிற மோட்டாரை, நின்ற சூட்டிலேயே அளந்தால்தான் அது பிடிபடும். சிடிஐயின் வெளியீட்டைச் சாதாரண மீட்டரால் அளக்கவே முடியாது. துடிப்பு அவ்வளவு குறுகியது, அதன் உச்ச வோல்ட்டைப் பிடித்துக் காட்டும் பீக் வோல்டேஜ் அடாப்டர் வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சரி என்று உறுதி செய்துவிட்டு, அதே மாடல் வைத்திருப்பவரிடம் பெட்டியைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே வழி.

2017இல் ஒக்கி புயல் வந்துபோன பிறகு வயர்லெஸ் இல்லாமல் கடலுக்குப் போக எனக்குத் துணிவு வருவதில்லை. அதனால் 12 வோல்ட் பேட்டரியும் சார்ஜிங்கும் சேர்ந்துகொண்டன. மோட்டார் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 12.5இலேயே நின்றால் முதலில் டெர்மினலில் பச்சைக் களிம்பைப் பாருங்கள், அப்புறம் ரெக்டிஃபையரை (காயிலின் ஏசி கரண்டை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது) மீட்டரின் டயோடு நிலையில் சோதியுங்கள்: ஒரு திசையில் காட்ட வேண்டும், மறு திசையில் காட்டக் கூடாது. இரண்டிலும் காட்டினால் போய்விட்டது. அதைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு காரியம். பேட்டரியை மாற்றி மாட்டுவது, மோட்டார் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றுவது. ரெக்டிஃபையர் எரிந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், வயர்லெஸ் அணையும் வரை பலருக்குத் தெரிவதே இல்லை.

ஆனி ஆடியில் கரையேற்றும்போது அலை அடித்து மோட்டார் முழுகினால், அதே நாளில் நல்ல தண்ணீரில் மூடிக்குள் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் உள்ள தண்ணீரை வெளியேற்றி, கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்து, கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத கிரீஸ்) தடவி மாட்டுங்கள். கழுவாமல் ஒரு ராத்திரி விட்ட மோட்டாரில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருப்பதையும், கனெக்டர் பின்கள் தொட்டதும் ஒடிவதையும் பார்த்திருக்கிறேன்.

மேக்னட்டைக் கழற்றும் வேலையை மட்டும் இப்போதும் நான் கடையில்தான் கொடுக்கிறேன். சரியான புல்லரும் (இழுத்துக் கழற்றும் கருவி) டார்க் ரெஞ்சும் இல்லாமல் சுத்தியலால் தட்டினால் காந்தம் விரிசல் விடும், கிராங்க் முனையும் கெடும். வள்ளத்தில் எப்போதும் இருப்பவை இரண்டு பிளக், ஒரு ஸ்டாப் கிளிப், இரண்டு மீட்டர் வயர், சுருங்கு குழாய், ஒரு சின்ன மீட்டர். சிடிஐ பெட்டி கம்பெனி பொருத்தியதே இன்னும் ஓடுகிறது.