பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்கலாமா? எங்கள் ஊர் அனுபவம்

இணைப்பு கிடைத்ததிலிருந்து செப்டிக் டேங்க் லாரி எங்களுக்காக ஒரு தடவைகூட வந்ததில்லை. கீழே நான் எவ்வளவு கோபப்பட்டிருந்தாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெரு குறுகல். முன்பெல்லாம் லாரி முனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து மற்ற வீட்டு வாசல்கள் வழியாக ஹோஸ் பைப்பை இழுத்து வருவார்கள். அன்றைக்குத் தெருவில் ஒருவர் ஜன்னலைத் திறக்க முடியாது. லோடுக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்து வாங்கியதில்லை. உறிஞ்சிய கசடை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. கண்மாய்க் கரையில் கொட்டியதைப் பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர். கருங்குழி மாதிரி ஒரு பேரூராட்சியில் 2017-லேயே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே அந்த லாரி வராமல் போனது எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, கண்மாய்க்கும் பெரிய நிம்மதி.

சென்னையிலிருந்து ஊரோடு வந்துவிடப் போகும் நண்பன் பக்கத்துத் தெருவில் பழைய வீடு பேசி முடித்திருக்கிறான். "மாப்ளே, கனெக்‌ஷனுக்குப் பணம் கட்டச் சொல்றாங்க, செப்டிக் டேங்க் நல்லாத்தான இருக்கு, வாங்கணுமா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. டெபாசிட் எவ்வளவு, என்ன படிவம் என்பதெல்லாம் நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும். அங்கே சொல்லாததை எழுதுகிறேன்.

கட்டணத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கேன் தண்ணீரை 35 ரூபாய் கொடுத்து வாங்கும் ஊரில், வீட்டுக் கழிவு முழுவதையும் எடுத்துப் போய்ச் சுத்தம் செய்வதற்கு நகராட்சி கேட்கும் தொகை அநியாயம் என்று யாரும் சொல்ல முடியாது. கட்டுகிற காசுக்கு ஒழுங்காக நடந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கவும் நான் தயார். 1990-களின் கடைசியில் ஆலந்தூர் நகராட்சியில் இதைத்தான் செய்தார்கள். குழாய் பதிப்பதற்கு முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடம் கேட்டார்கள், கூட்டம் போட்டு விளக்கினார்கள், மக்களும் கட்டினார்கள், திட்டமும் வந்தது. ஆலந்தூர் பிறகு 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரு சின்ன நகராட்சி மக்களை நம்பிக் கேட்டால் மக்கள் கொடுப்பார்கள் என்பதற்கு இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

எங்கள் ஊரின் கதை தண்ணீரில் தொடங்குகிறது. திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுக்கும் தண்ணீர், நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வந்து எங்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறுகிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் அம்மா காலத்தில் பருப்பு வேகாது. உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் கல்லாகவே கிடக்கும். பருப்புக்கும் டீக்கும் மட்டும் தனியாக நல்ல தண்ணீர் பிடித்து வைப்பார்கள். காவிரித் தண்ணீர் வந்த வாரம் அம்மா பருப்பைக் கடைந்துவிட்டு, கரண்டியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அந்தத் தண்ணீருக்காக இந்த நகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

ஆனால் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் தீராத எரிச்சல் இதுதான். நான்கு நாளுக்கு ஒருமுறை என்பது பேச்சு. சில சமயம் ஐந்து நாள், சில சமயம் ஆறு. அதிகாலை இரண்டு மணிக்கும் வரும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கும் வரும். வால்வு திறக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஊரில் எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எதை எத்தனை சுற்றுச் சுற்றினால் மேட்டுத் தெருவுக்கு ஏறும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டபோது, மாற்றாள் திறந்ததில் பள்ளத் தெருவில் தண்ணீர் ரோட்டில் ஓடியது. எங்களுக்குச் சொட்டுகூட வரவில்லை. அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. இத்தனை வீடுகளின் வாழ்க்கையை ஒரு மனிதரின் ஞாபகத்தில் விட்டுவிட்டு, ஒரு வரைபடம்கூட எழுதி வைக்காத நிர்வாகத்தின் மேல்தான் கோபம்.

சாக்கடை பற்றிக் கேட்டவனிடம் தண்ணீரைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொள்வது பெரும்பாலும் தண்ணீர் வருவதற்கு முந்தைய நாள்தான். இதைக் கவனிக்க எனக்கே வெகுகாலம் ஆயிற்று. எனக்கு விளங்க வைத்தவர் அடைப்பு எடுக்க வந்த பெரியவர்.

போன சித்திரையில் எங்கள் வாசலுக்கு எதிரே மேன்ஹோல் பொங்கியது. அதாவது, மேன்ஹோல் இருக்க வேண்டிய இடத்தில் தார் வெடிப்பிலிருந்து கருப்பாக ஊறி வழிந்தது. மூடியைக் காணோம். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் மூடி உள்ளே புதைந்துவிட்டது. வந்த இரண்டு தொழிலாளர்களும் கடப்பாரையால் ரோட்டைத் தட்டித் தட்டிச் சத்தம் மாறுகிற இடத்தைத் தேடினார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்த வெயிலில் தேடி, வெட்டி, மூடியை நெம்பித் திறந்தார்கள். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். அசையவில்லை. அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம்.

அப்போது எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "இறங்கி ஒரு இழு இழுத்தா முடிஞ்சிரும்ல? ஐந்நூறு நான் தர்றேன்."

இரண்டு பேரில் சின்னவன் குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பொத்தானில் கை வைத்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் குழிக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். "தம்பி, இறங்காத. வண்டி வர்ற வரைக்கும் நாங்க எப்படியாச்சும் சமாளிச்சுக்கிறோம்" என்றேன். எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பரவாயில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உயர்த்தியது. அத்தனைக்குப் பிறகும் நம் நாட்டில் விஷவாயுவில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது. அதிகமாக இருந்தால் வாடைகூடத் தெரியாது, மூக்கு மரத்துவிடும். நம் வீட்டுக் கழிப்பறைக்காக ஒரு பிள்ளை சாக வேண்டியதில்லை.

பெரியவர் பிளாச்சைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி விட்டு இன்னியோட அஞ்சு நாள் ஆச்சு சார். தண்ணி போனாத்தான அது போகும்? வாட்டம் மட்டும் என்ன செய்யும்?"

வாட்டம் என்று அவர் சொன்னது குழாயின் சரிவை. பிறகு தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் கேட்டுப் புரிந்துகொண்டேன். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வடிவமைப்பு அளவு. சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர். காரணம் எளிது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவாக வெளியே போகும் என்ற கணக்கில்தான் குழாயின் அளவையும் வாட்டத்தையும் தீர்மானிக்கிறார்கள். உச்ச நேரத்திலாவது விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் மண்ணும் கசடும் அடியில் தங்காமல் இழுத்துக்கொண்டு போகும். எங்கள் ஊரில் குழாய் 135 லிட்டருக்குப் போட்டது. தண்ணீர் மட்டும் சாக்கடை இல்லாத ஊருக்கு விடுகிற கணக்கில் வருகிறது. போர்வெல் இருப்பவர்கள் உப்புத் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கிறார்கள். கோடையில் போரும் காற்றுதான் வாங்கும். போதாததற்கு, பாதி வீடுகள் இன்னும் இணைப்பே வாங்கவில்லை. ஓடவேண்டிய அளவில் ஏறக்குறைய கால்வாசிதான் ஓடுகிற குழாய் அடைக்காமல் என்ன செய்யும்?

அலுவலகத்தில் குடிநீருக்கு ஒரு மேசை, கழிவுநீருக்கு ஒரு மேசை. ஐந்தாம் நாளும் தண்ணீர் வரவில்லை என்று முதல் மேசைக்குத் தெரியும். அன்றைக்கு எந்தத் தெருவெல்லாம் பொங்கும் என்று இரண்டாம் மேசைக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. நான் போய்ச் சொன்னபோது இரண்டு பேரும் மரியாதையாக உட்கார வைத்துக் கேட்டார்கள், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஒருவர் இன்னொருவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி மறுநாள் மத்தியானம்தான் வந்தது. அதற்கு முந்தின இரவே, உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. வாசலில் சாக்கடை ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

தண்ணீர் நின்று நின்று வருவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் விடாத நாட்களில் குடிநீர்க் குழாய் காலியாகக் கிடக்கிறது. திறந்த உடனே ஆளாளுக்கு மோட்டாரை நேரடியாகக் குழாயில் மாட்டி உறிஞ்சுகிறார்கள். எங்காவது இணைப்பு கசிந்திருந்தால், பக்கத்தில் ஊறிக் கிடக்கும் சாக்கடையையும் சேர்த்தே அது இழுக்கும். முதலில் வருகிற தண்ணீர் கலங்கலாகவும் லேசான வாடையோடும் வருவது இதனாலும்தான். கலங்கல் தெளிகிறவரை நாங்கள் செடிக்கு விட்டுவிடுகிறோம். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். அதைச் சோதிக்க நகராட்சி ஆட்கள் குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள். தெருவின் கடைசி வீட்டில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் மஞ்சள் வருவது பெரிய விஷயமில்லை. மோட்டார் வைத்திருப்பவர்கள் சம்ப்பில் தண்ணீர் விழ விட்டு, அங்கிருந்து மேலே ஏற்றுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீடுகளை நினைத்தாவது இதைச் செய்யுங்கள்.

நண்பனுக்கு என் முடிவு: இணைப்பை வாங்கு. நீ வாங்கினால் குழாயில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஓடும், எங்கள் தெருவுக்கும் நல்லது. ஆனால் செப்டிக் டேங்க்கை இடிக்காதே. இவ்வளவு நேரம் லாரி ஒழிந்தது என்று கொண்டாடியவன் இப்படிச் சொல்வது உனக்கு வினோதமாக இருக்கலாம். போன சித்திரையில் வீட்டுக்குள் பாத்ரூம் தரையில் கழிவுநீர் ஏறி நின்றதைப் பார்த்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே குழாயை நம்பி விட எனக்கு மனம் வரவில்லை. டேங்க்கைக் காலி செய்து கழுவி மூடி வை. தெருக் குழாய்க்குப் போகும் வழியில் சேம்பர் கட்டும்போது, அடைத்தால் பழைய டேங்க்குக்குத் திருப்பிவிடுகிற மாதிரி ஒரு வழியும் வைக்கச் சொல். பிளம்பர் முணுமுணுப்பார், விடாதே.

மொட்டைமாடி மழைத்தண்ணீர்க் குழாயை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சாக்கடையில் சேர்க்காதே. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சேர்த்திருக்கிறார்கள், ஐப்பசி மழையில் பம்பிங் ஸ்டேஷன் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம். நாப்கின், குழந்தை டயப்பர், எச்சில் இலை எதுவும் உள்ளே போகக் கூடாது. உன் வாசலில் ரோடு போட வரும்போது கூடவே நில். பழைய தாரைச் சுரண்டினார்களா, மேன்ஹோல் மூடியை ரோட்டு மட்டத்துக்குத் தூக்கி வைத்தார்களா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் போ. புகார் கொடுத்தால் எண்ணை எழுதி வைத்துக்கொள், சரியாகாமல் முடித்துவிட்டால் மறுபடியும் கொடு. அடைப்பு எடுக்க ஆள் வந்தால் இறங்கச் சொல்லி யாரும் காசு நீட்டாமல் பார்த்துக்கொள். வண்டி வரவில்லை என்றால் 14420 என்ற கழிவுநீர் உதவி எண்ணுக்குக் கூப்பிடு.