பி சைடா, ஆல்பத்தின் மூலையா, பெட்டகமா: பலர் கேட்காத பழைய ராக் பாடல்களில் எதை அனுப்பலாம்?

பீட்டில்ஸ் என்றால் 'ஹே ஜூட்', குயீன் என்றால் 'பொஹீமியன் ராப்சடி', ஃப்ளீட்வுட் மேக் என்றால் 'டிரீம்ஸ்'. இந்த அளவுக்குத் தெரிந்த நண்பர் ஒருவருக்கு, "இதே குழுவின் பாட்டுதான், நீ கேட்டிருக்க மாட்டாய்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பை அனுப்புகிறீர்கள். முதல் அரை நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றால் கதை முடிந்தது. அடுத்த முறை அனுப்பினால் ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வரும், பாட்டைத் திறந்திருக்க மாட்டார். ஆகவே முதலில் எதை அனுப்புவது என்பதைக் கொஞ்சம் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

60, 70களின் நல்ல பாடல்கள் பலர் காதில் விழாமல் போனதற்குப் பெரும்பாலும் அவை இருந்த இடமே காரணம். சில, சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில், அதாவது பி சைடில் இருந்தன. சில, பெரிய ஹிட் பாட்டு உட்கார்ந்திருக்கும் ஆல்பத்தில் அதன் நிழலில் மாட்டிக்கொண்டன. இன்னும் சில பதிவாகியும் வெளிவராமல் நிறுவனத்தின் பெட்டகத்திலேயே கிடந்தன. ஒரு பாட்டு இந்த மூன்றில் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தாலே, புதியவரிடம் அது எடுபடுமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். முதல் முறை அனுப்புவதற்கு என் ஓட்டு பி சைடுக்குத்தான்.

காரணம் எளிமையானது. பி சைடு பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு பாட்டு கிடையாது. தட்டைத் திருப்பினால் அது மட்டும்தான். எனவே மூன்று நான்கு நிமிடத்துக்குள் தானே தொடங்கித் தானே முடிய வேண்டும். வானொலியில் ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை, அது முன்பக்கத்தின் கவலை. இசைக்கலைஞர்கள் துணிந்து எதையாவது செய்து பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை. வருமானத்திலும் குறை இருக்கவில்லை. இங்கிலாந்தில் சிங்கிள் விற்றால் இரண்டு பக்கத்தின் பாடலாசிரியருக்கும் ஒரே அளவு ராயல்டி. 1975இல் 'பொஹீமியன் ராப்சடி' ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தபோது, அதன் பின்பக்கத்தில் தன் காரைக் காதலித்துப் பாடிய டிரம்மர் ரோஜர் டெய்லருக்கும் முன்பக்கத்தை எழுதிய ஃப்ரெடி மெர்குரிக்குச் சமமான பங்கு வந்தது. அந்தப் பின்பக்கத்தைத் தனக்குத் தரும்வரை டெய்லர் ஒரு அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. குழுவுக்குள் இதனால் எத்தனை மனக்கசப்பு வந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பீட்டில்ஸ். நான் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கும் பாடல்கள் 'ரெய்ன்', 'ஹே புல்டாக்' இரண்டும். 'ரெய்ன்' 1966 ஜூனில் 'பேப்பர்பேக் ரைட்டர்' சிங்கிளின் பின்பக்கமாக வந்தது. 'ரிவால்வர்' ஆல்பத்துக்கான பதிவுகள் நடந்த அதே நாட்களில் பதிவானது, ஆனால் அந்த ஆல்பத்தில் இல்லை. வாத்தியங்களை வேகமாக வாசித்துப் பதிவு செய்து, டேப்பை மெதுவாக ஓட்டினார்கள். அதனால் டிரம்ஸும் கிட்டாரும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல கனமாக, இழுபட்டு வருகின்றன. கடைசியில் ஜான் லெனனின் குரல் பின்னோக்கி ஓடுகிறது. தான் வாசித்ததில் சிறந்தது இதுதான் என்று ரிங்கோ ஸ்டார் சொல்லியிருக்கிறார். ரிங்கோவுக்கு டிரம்ஸ் வராது என்று வாதாடும் நண்பர் எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார், அவருக்கு இதை அனுப்பலாம்.

'ஹே புல்டாக்' வேறு ரகம். 1968 பிப்ரவரி 11 அன்று, 'லேடி மடோனா'வுக்கான விளம்பரப் படம் எடுக்கக் கேமரா வந்திருந்த நேரத்தில், சும்மா நடிப்பானேன் என்று ஒரே நாளில் பதிவு செய்து முடித்த பாட்டு. அடுத்த சில நாட்களில் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ரிஷிகேஷுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். பாட்டு 1969 ஜனவரியில் 'யெல்லோ சப்மரீன்' ஆல்பத்தில் வந்தது. அந்த ஆல்பத்தில் பீட்டில்ஸ் பாடியவை ஆறுதான், அதிலும் இரண்டு ஏற்கெனவே வெளிவந்தவை. இரண்டாம் பக்கம் முழுக்க அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பின்னணி இசை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போதாததற்கு, அதே பெயரில் வந்த கார்ட்டூன் படத்தின் அமெரிக்கப் பிரதியில் இந்தப் பாட்டு வரும் காட்சியையே வெட்டிவிட்டார்கள். 1999 மறுவெளியீட்டில்தான் அது திரும்ப வந்தது.

இரண்டில் எது? பியானோவில் அந்தத் துரத்தும் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு, தொடங்கிய உடனேயே 'ஹே புல்டாக்' ஆளைப் பிடித்துவிடும். கடைசியில் லெனனும் பால் மெக்கார்ட்னியும் நாய்போலக் குரைத்துச் சிரிப்பது கூடுதல் குஷி. கார் பயணத்துக்கு இதுதான். 'ரெய்ன்' முதல் முறை கேட்கும்போது ஏதோ மந்தமாகத் தோன்றும், ஹெட்ஃபோனில் மூன்றாவது முறை கேட்கும்போதுதான் பேஸ் கிட்டார் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியும். என் விதிப்படி பி சைடு முதலில் போக வேண்டும். பீட்டில்ஸ் விஷயத்தில் மட்டும் அந்த விதியை உடைத்து 'ஹே புல்டாக்'கை முதலில் அனுப்புவேன், 'ரெய்ன்' அடுத்த வாரம்.

பி சைடின் முழு பலத்தையும் காட்டுவது ஃப்ளீட்வுட் மேக்கின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'தான். 1976இல் 'ரூமர்ஸ்' ஆல்பம் உருவானபோது குழுவில் இருந்த ஸ்டீவி நிக்ஸும் லிண்ட்சி பக்கிங்ஹாமும் காதலர்களாக இருந்து பிரிந்துகொண்டிருந்தார்கள். லிண்ட்சி 'கோ யுவர் ஓன் வே' எழுதினார்: போ, உன் வழியில் போ. அதில் ஒரு வரி தன்னைப் பற்றி அநியாயமாகப் பேசுகிறது என்று ஸ்டீவி பிற்காலத்தில் பல முறை குறைப்பட்டிருக்கிறார். அவர் எழுதியது 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. மேரிலாந்து மாநிலத்தில் கண்ணில் பட்ட ஒரு ஊர்ப் பெயர்ப் பலகையிலிருந்து கிடைத்த தலைப்பு. என் குரல் உன்னை விடாது, உன்னை நேசித்த பெண்ணின் சத்தத்திலிருந்து நீ தப்பவே முடியாது என்பதுதான் பாட்டின் சாரம். வேண்டுதலாகத் தொடங்கிச் சாபமாக முடிகிறது.

எல்பி, அதாவது முழு ஆல்பமும் வரும் பெரிய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலித்தரத்தோடு இருபது நிமிடம் சொச்சம்தான் அடங்கும். இது நீளமான பாட்டு. ஆகவே நீக்கிவிட்டு, ஸ்டீவியே முன்பு எழுதியிருந்த, நீளம் குறைந்த வேறொரு பாட்டை அந்த இடத்தில் வைத்தார்கள். அதைக் குழுவின் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் ஸ்டீவியிடம் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வைத்துச் சொன்னாராம். பிறகு 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? 'கோ யுவர் ஓன் வே' சிங்கிளின் பின்பக்கம். ஒரே தட்டில் முன்பக்கம் அவர் "போ" என்கிறார், பின்பக்கம் இவர் "எங்கே போனாலும் விட மாட்டேன்" என்கிறார். யார் திட்டமிட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது.

இதில் எந்தப் பதிப்பு என்பது ஒரு தனிப் போட்டி. 1997இல் குழு மீண்டும் சேர்ந்து 'தி டான்ஸ்' நிகழ்ச்சியில் இதை நேரடியாக வாசித்தது. பாட்டின் பிற்பகுதியில் ஸ்டீவி லிண்ட்சியை நேராகப் பார்த்துப் பாடுகிறார், இருபது வருடக் கணக்கு அங்கே தீர்கிறது. அந்தப் பதிப்பு கிராமி பரிந்துரை வரைக்கும் போனது. யூடியூபில் எல்லோரும் பகிர்வதும் அதைத்தான். நான் 1976 ஸ்டுடியோ பதிவைத்தான் முதலில் அனுப்பச் சொல்வேன். காணொளியை முதலில் பார்ப்பவர் இரண்டு பேரின் முகத்தைப் பார்ப்பார், பாட்டைக் கேட்க மாட்டார். ஸ்டுடியோ பதிவைத் தேடி அலையவும் வேண்டாம், 2004 மறுவெளியீட்டில் அதை 'ரூமர்ஸ்'உடனேயே சேர்த்துவிட்டார்கள். கேட்டு முடித்தபின் கதையைச் சொல்லி, அப்புறம் காணொளியை அனுப்புங்கள்.

லெட் செப்பலினின் 'ஹே ஹே வாட் கேன் ஐ டூ'வும் இதே வகைதான். 1970இல் அமெரிக்காவில் 'இமிக்ரன்ட் சாங்'கின் பின்பக்கம். குழு இயங்கிய காலத்தில் அவர்களுடைய எந்த ஆல்பத்திலும் சேராமல் வெளியான ஒரே பாட்டு. இவர்கள் என்றாலே காது கிழியும் என்று பயப்படுகிறவருக்கு இந்த அக்குஸ்டிக் கிட்டார் பாட்டு சரியான மருந்து.

பி சைடு என்பதாலேயே கவனிக்கப்படாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ராட் ஸ்டூவர்ட்டின் 'மேகி மே'யும் குளோரியா கேனரின் 'ஐ வில் சர்வைவ்'வும் முதலில் பின்பக்கங்களாக வந்தவைதான். வானொலிக்காரர்களும் டிஸ்கோ டிஜேக்களும் தட்டைத் திருப்பிப் போட்டுப் போட்டே அவற்றை முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். பீச் பாய்ஸின் 'காட் ஒன்லி நோஸ்' 1966இல் அமெரிக்காவில் பின்பக்கம், இங்கிலாந்தில் முன்பக்கம். இவற்றை "அரிய பாட்டு" என்று அனுப்பினால் சிரிப்பார்கள்.

சரி, ஆல்பத்தின் மூலையில் கிடப்பவை. இங்கேதான் பகிர்பவர்கள் அதிகம் சறுக்குவது. ஆல்பத்துக்குள் வைத்துக் கேட்கும்போது உருக வைக்கும் பாட்டு, தனியாகப் பிடுங்கி அனுப்பினால் வாடிவிடும். 'அபே ரோடு' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் துண்டுப் பாடல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. 'கோல்டன் ஸ்லம்பர்ஸ்'ஸை மட்டும் அனுப்பிப் பாருங்கள், உச்சத்துக்கு ஏறும் இடத்தில் பட்டென்று அறுந்து நிற்கும். குயீனின் 'தி ப்ராஃபெட்ஸ் சாங்' எட்டு நிமிடத்துக்கு மேல். நடுவில் மெர்குரியின் குரல் எதிரொலியாகத் தன் மேலேயே அடுக்கிக்கொண்டு போகும் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இசை தெரிந்த, பொறுமையுள்ள ஆளுக்கு மட்டும்தான் அனுப்புவேன்.

அதே 'எ நைட் அட் தி ஆப்பரா' ஆல்பத்தில் இருக்கும் ''39' யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். எழுதியதும் பாடியதும் கிட்டாரிஸ்ட் பிரையன் மே. பாமர மக்களின் கூட்டுப் பாட்டுபோல எளிமையாக ஒலிக்கும், காலைத் தட்டிக்கொண்டே கேட்கலாம். உள்ளே இருப்பதோ ஐன்ஸ்டீனின் சார்பியல். புது உலகம் தேடி விண்கலத்தில் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வயதுதான் கூடியிருக்கிறது, பூமியில் நூறு வருடம் போய்விட்டது. போனவன் தன் வம்சத்தில் வந்த ஒருத்தியின் கண்களில் தன் மனைவியின் கண்களைப் பார்க்கிறான். இதை எழுதியபோது மே வானியற்பியல் முனைவர் ஆய்வைப் பாதியில் விட்டிருந்தார். 2007இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சூரியக் குடும்பத்துத் தூசைப் பற்றிய ஆய்வேட்டை முடித்துப் பட்டம் வாங்கினார். முதல் முறை மெட்டுக்காகவும் இரண்டாம் முறை கதைக்காகவும் கேட்க வைக்கும் பாட்டு. இதுவும் 1976இல் ஒரு சிங்கிளின் பின்பக்கமாக வந்தது, ஆகவே என் கட்சிக்கே இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பிங்க் ஃப்ளாய்டின் 'ஃபியர்லெஸ்' (1971, 'மெடில்') இன்னொரு விதிவிலக்கு. அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் 23 நிமிட 'எக்கோஸ்' எடுத்துக்கொண்டது, எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். முதல் பக்கத்தில் மெதுவாக மலையேறுவதுபோலப் படிப்படியாகப் போகும் இந்தப் பாட்டின் முடிவில், லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் மைதானத்தில் தங்கள் கூட்டுப் பாட்டைப் பாடும் ஒலி கலந்து வரும். கால்பந்து பார்க்கும் நண்பர் என்றால் தயங்கவே வேண்டாம்.

இந்த மூன்று பிரிவிலும் அடங்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா (ABBA) என்ற ஸ்வீடன் பாப் குழுவின் 'தி டே பிஃபோர் யூ கேம்', 1982. முன்பக்கமாகவே வந்து இங்கிலாந்தில் 32ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ஒரு பெண் தன் சாதாரண நாளை, ரயில், அலுவலகம், இரவுச் சாப்பாடு, தூக்கம் என்று ஒப்பிக்கிறாள். கோரஸ் கிடையாது, சுமார் ஆறு நிமிடம். ஆட்டம்போட வைக்கும் குழுவிடமிருந்து வானொலி இதை எதிர்பார்க்கவில்லை. அப்பா என்றாலே கல்யாண வீட்டு டிஜே என்று நினைப்பவருக்கு இதை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை.

கடைசியாகப் பெட்டகம். இங்கே கதை எப்போதும் பாட்டைவிடப் பெரியது, அதுதான் ஆபத்து. "தொலைந்துபோன மகத்தான படைப்பு" என்று முன்னுரை கொடுத்து அனுப்பினால் எந்தப் பாட்டும் அந்த எதிர்பார்ப்பைத் தாங்காது. பீச் பாய்ஸின் 'சர்ஃப்ஸ் அப்' 1966இல் பிரையன் வில்சனும் வான் டைக் பார்க்ஸும் 'ஸ்மைல்' ஆல்பத்துக்காக எழுதியது. 1967இல் லியனார்ட் பெர்ன்ஸ்டீன் வழங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிரையன் தனியாகப் பியானோவில் வாசித்தார். அதே வருடம் 'ஸ்மைல்' கைவிடப்பட்டது. 1971இல்தான் பழைய பதிவின் மேல் தம்பி கார்ல் பாடி, பிற்பகுதிக்குப் பிரையனின் பழைய பியானோ பதிவையே ஒட்டி வெளியிட்டார்கள். பிறகு 2004இல் பிரையன் புதிதாகப் பதிவு செய்த 'ஸ்மைல்', 2011இல் பழைய பதிவுகளின் தொகுப்பு. எந்தப் பதிப்பு அசல் என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். புதியவருக்கு 1971 ஆல்பப் பதிப்பு போதும். அதிலும் வரிகள் புரியவில்லை என்று திரும்பி வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பாப் டிலனின் 'பிளைண்ட் வில்லி மெக்டெல்' மட்டும் எந்த முன்னுரையும் இல்லாமல் நிற்கும். 1983இல் 'இன்ஃபிடெல்ஸ்' ஆல்பத்துக்காகப் பதிவு செய்துவிட்டு, சரியாக வரவில்லை என்று அவரே ஒதுக்கிவிட்டார். வெளியே வந்தது 1991இல். டிலன் பியானோவில், மார்க் நாஃப்ளர் கிட்டாரில், வேறு யாரும் இல்லை. ஜார்ஜியாவைச் சேர்ந்த பழைய ப்ளூஸ் பாடகர் ஒருவரைச் சாக்காக வைத்து, அடிமை வாணிபமும் எரியும் தோட்டங்களும் சாட்டைச் சத்தமுமாக அமெரிக்கத் தெற்கின் வரலாறே அந்தச் சில நிமிடங்களில் நகர்கிறது. டிலனே இதை மேடையில் பாடத் தொடங்கியது 1997இல், 'தி பேண்ட்' குழு தங்கள் ஆல்பத்தில் இதைப் பாடிய பிறகு. முழு வாத்தியக் குழுவோடு அதே 1983இல் எடுத்த பதிவு ஒன்றும் 2021இல் வெளியானது, டிரம்ஸோடு விறுவிறுப்பாகப் போகும். அனுப்புவதென்றால் 1991இல் வந்த பியானோப் பதிப்பு. டிலனின் குரல் பிடிக்காது என்பவருக்கு 2021 பதிப்பு கொஞ்சம் சுலபமாக இறங்கும், ஆனால் அப்படிப்பட்டவருக்கு நான் 'ஹே புல்டாக்'கோடு நிறுத்திக்கொள்வேன்.