சிங்கப்பூரா, பெர்த்தா? ஒரு புதன்கிழமையை வைத்துப் பார்ப்போம்

சிங்கப்பூரில் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் இப்போது ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபோகும் பேச்சு வந்துவிடுகிறது. ஐந்து மணி நேரப் பயணம், சிங்கப்பூரின் அதே நேரம், தோட்டத்தோடு தனி வீடு. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் பலரும் சம்பளத்தையும் வரியையும் மட்டும் வைத்து முடிவெடுக்கிறார்கள். சாதாரண ஒரு புதன்கிழமை அங்கே எப்படிப் போகும், இங்கே எப்படிப் போகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும்.

வரியை முதலில் முடித்துவிடலாம். இங்கே வருமான வரியின் உச்ச விகிதம் 24 விழுக்காடு, அதுவும் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய வருமானத்துக்கு. ஆஸ்திரேலியாவில் 190,000 டாலரைத் தாண்டும் பகுதிக்கே 45 விழுக்காடு. கையில் நிற்கும் காசில் சிங்கப்பூருக்குத்தான் வெற்றி. கார் என்று வந்தால் கணக்கு மாறும். இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய பத்து ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியதுண்டு. அந்தப் பணத்துக்கு அங்கே இரண்டு கார் வாங்கலாம். வாங்கியும் ஆக வேண்டும், கார் இல்லாமல் பால் பாக்கெட்டுக்குக்கூடப் போக முடியாத பேட்டைகள் நிறைய.

இப்போது அந்தப் புதன்கிழமை. இங்கே ஆறரைக்கு வேலை முடிந்தால், ரயிலை விட்டு இறங்கி, புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் நாலு பரோட்டாவும் மீன்கறியும் கட்டிக்கொண்டு மின்தூக்கியில் ஏறலாம். சின்னதைப் பணிப்பெண் குளிப்பாட்டி வைத்திருப்பார். பன்னிரண்டு வயதுப் பெரியது தானே ரயில் பிடித்துத் துணைப்பாட வகுப்பிலிருந்து வந்துவிடும். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு யாரும் காத்திருக்க வேண்டாம்.

பெர்த்தில் பல அலுவலகங்களில் ஐந்து மணிக்கே ஆள் இருக்காது. அது பெரிய வரம்தான். அப்பா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து பிள்ளையோடு பந்து விளையாடுவதை இங்கே எத்தனை வீட்டில் பார்க்க முடியும்? ஆனால் பள்ளி மூன்று மணி வாக்கில் விட்டுவிடும். அழைத்து வருவது யார்? வீட்டோடு பணிப்பெண் வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே கிடையாது. சமையல், துணி, கழிவறை, புல்வெட்டு எல்லாம் இருவர் தலையில்தான். பல வீடுகளில் கடைசியில் அம்மாதான் பகுதிநேர வேலைக்கு இறங்குகிறார். அதனால் பெர்த் வருமானத்தைக் கணக்குப் போடும்போது அவர் சம்பளத்தைப் பாதியாக்கிப் போடுங்கள். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்ற சுமை அங்கே இல்லை. பிள்ளை அதில் துவண்டுபோனதைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றே போதும்.

தமிழுக்கு வந்தால் நான் தயங்காமல் சிங்கப்பூர் பக்கம். இங்கே தமிழ் அதிகாரத்துவ மொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம், கையில் தமிழ் முரசு நாளிதழ், காரில் ஒலி 96.8 வானொலி. பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தானே பேசுகிறார்கள் என்பீர்கள். சரி, தேர்வுக்காகவாவது எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்களே! அங்கே பெரும்பாலும் வார இறுதியில் தன்னார்வலர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிதான். நல்ல முயற்சி, ஆனால் மீதி ஆறு நாளும் பெற்றோர் பாடு.

ஊரில் வயதான அப்பா அம்மா இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். இங்கிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரத்தில் நேராகப் போய் இறங்கலாம். பெர்த்திலிருந்து நேரடி விமானம் இல்லை. அவர்களை நிரந்தரமாக அங்கே அழைக்கும் விசாவோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

அதனால் இருவரும் முழுநேர வேலையில் இருந்து, ஊரில் பெற்றோரும் இருந்தால் இங்கேயே இருங்கள் என்பேன். ஒருவர் மனதார வேலையைக் குறைத்துக்கொள்ளத் தயார், பிள்ளைக்கும் மூச்சுவிட இடம் வேண்டும் என்றால் பெர்த்துக்குத் தாராளமாகப் போகலாம். அப்போதும் முதலில் ஜூலைக் குளிரில் வாடகை வீடு எடுத்துச் சில வாரம் இருந்து பாருங்கள். சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் மத்திய சேமநிதியை, அதாவது ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் பிடித்த சேமிப்பை, முழுதாக எடுக்க நிரந்தரவாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், விட்டதைத் திரும்பக் கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நிரந்தரவாசத்தை விடும் படிவத்தில் கையெழுத்துப் போடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.